லஞ்சம் கேட்காத அநீதிக்கு யாரிடம் போவது?

உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தவறாகப் பணம் பிடித்துவிட்டார்கள், வங்கிக்கு எழுதியும் உருப்படியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். 2021-ல் வந்த ஒருங்கிணைந்த திட்டம் அவருக்கு 20 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்கச் சொல்லும் அதிகாரத்தைக் கொடுத்தது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. மின்கட்டணத்தில் தகராறு வந்தால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி முதலில் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளர். காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தால் அதற்கும் ஒரு குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

தாலுகா ஆபீசில் உங்கள் கோப்பு பல வருடமாகக் கிடக்கிறது என்றால்? ஓய்வூதிய உத்தரவு, வாரிசுச் சான்று, பட்டாத் திருத்தம் என்று அரசாங்கமே செய்ய வேண்டிய ஒன்றை அரசாங்கம் செய்யவில்லை என்றால்? அதற்குத் தமிழ்நாட்டில் சுதந்திரமான நடுவர் ஒருவரும் இல்லை. இருக்கிற ஒரே வழி, எந்த அலுவலகத்தைப் பற்றிக் குறை சொல்கிறோமோ அதன் மேலதிகாரிக்கு எழுதுவது. அவர் அதைக் கீழே அனுப்புவார். அது கடைசியில் அதே மேசைக்கு வந்து சேரும்.

வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். மனுக்கள் எப்படி வருகின்றன, எப்படிப் போகின்றன என்பதை அந்தப் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்தவள். இப்போது எங்கள் ஊரில் மனு எழுதித் தரச் சொல்லிச் சிலர் வீட்டுக்கு வருகிறார்கள். அதில் ஒரு பெரியவரின் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

கடைமடைப் பகுதியில் ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை. அவருடைய அப்பா வாங்கிய நிலம். கிரையப் பத்திரம் இருக்கிறது, வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது, அன்று முதல் இன்று வரை உழுவதும் அவர்கள்தான். ஆனால் பட்டா பக்கத்து நிலத்துக்காரர் பெயரில். காரணம் எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த யு.டி.ஆர். 1979-க்கும் 1987-க்கும் இடையில் மாநிலம் முழுவதும் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். பெரிய வேலை, நல்ல நோக்கத்தோடு செய்த வேலை. ஆனால் எழுதும்போது உட்பிரிவு எண் மாறிப்போன இடங்கள், பெயர் இடம் மாறிய இடங்கள் ஏராளம். அந்தப் பிழைகளைத் திருத்தக் கோரும் மனுக்கள் இன்றுவரை ஓயவில்லை.

இந்த விஷயத்தில் சண்டையே கிடையாது. பக்கத்து நிலத்துக்காரர், "அந்த நிலம் என்னுடையதில்லை, அவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள்" என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்திருக்கிறார். அப்படியிருந்தும் பெரியவர் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்க முடியவில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். பயிர்க் காப்பீட்டிலும் வெள்ள நிவாரணப் பட்டியலிலும் அவர் பெயர் வராது. கிசான் திட்டத்தில் வருடத்துக்கு வரும் 6,000 ரூபாயும் இல்லை. நெல்லை, வியாபாரி சொன்ன விலைக்கே போட்டுவிட்டு வருகிறார்.

திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தார். கலெக்டர் ஆபீசிலிருந்து ஆர்.டி.ஓ.வுக்கு, அங்கிருந்து தாசில்தாருக்கு, அங்கிருந்து மண்டலத் துணை வட்டாட்சியருக்கு, அவரிடமிருந்து சர்வேயருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் போயிற்று. மனு ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒரு கடிதம்: "தங்கள் மனு தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது." அத்தனை கடிதத்தையும் மஞ்சள் பையில் அடுக்கி வைத்திருக்கிறார். நடுவில் தாசில்தார் மாறினார். புதியவர் மறுபடி அறிக்கை கேட்டார். சர்வேயருக்கு இடமாற்றம் வந்தது, அறிக்கை நின்றது. கடைசியில் வந்த பதிலில், மனுதாரர் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளலாம் என்று இருந்தது. எதிராளியே இல்லாத வழக்குக்கு எந்தக் கோர்ட்டில் யார் மேல் பிராது கொடுப்பது?

நான் கேட்டேன்: "யாராவது பணம் கேட்டாங்களா ஐயா? கேட்டிருந்தா லஞ்ச ஒழிப்புல எழுதலாம்."

அவர் சொன்னார்: "கேட்டிருந்தா கடனோ உடனோ வாங்கிக் குடுத்திருப்பேம்மா. யாரும் ஒரு வார்த்தை கேக்கலியே. எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க. உக்காரச் சொல்றாங்க. அடுத்த வாரம் வாங்கன்றாங்க."

அந்தப் பதில்தான் இதை எழுத வைத்தது. நம் சட்டங்கள் எல்லாம் கை நீட்டுகிறவனைப் பிடிக்க எழுதப்பட்டவை. கையையே அசைக்காமல் இருப்பவரைக் கேள்வி கேட்க ஒரு சட்டமும் இல்லை. தாமதம், கவனக்குறைவு, காரணம் சொல்லாமல் மறுப்பது, பொறுப்பைத் தள்ளிவிடுவது, ஒரே விதியை ஆளுக்கொரு மாதிரி நடத்துவது எல்லாம் சேர்ந்துதான் நிர்வாகச் சீர்கேடு. லஞ்சத்தைவிட இதனால் நாசமான குடும்பங்கள் அதிகம் என்பது என் அனுபவத்தில் நான் கண்ட உண்மை.

ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளர் பதவி உலகில் பரவியதே இந்தக் குறைக்காகத்தான். 1809-ல் ஸ்வீடனில் மன்னரைப் பதவியிறக்கிவிட்டு எழுதிய புதிய அரசியல் சட்டத்தில், அதிகாரிகள் சட்டப்படி நடக்கிறார்களா என்று பார்க்க நாடாளுமன்றமே ஒருவரை நியமிக்கலாம் என்று சேர்த்தார்கள். 1955-ல் டென்மார்க், 1962-ல் நியூசிலாந்து, 1967-ல் பிரிட்டன் என்று அது வளர்ந்தது. இந்தியாவில் மொரார்ஜி தேசாய் தலைமையிலான முதல் நிர்வாகச் சீர்திருத்தக் குழு 1966-ல் லோக்பால், லோக் ஆயுக்தா பதவிகளைப் பரிந்துரைத்தது. அந்த இடைக்கால அறிக்கையின் பொருளே குடிமக்களின் குறைகளைத் தீர்ப்பதுதான். ஊழலும் அதற்குள் வந்தது, சாதாரண மனிதனின் குறையும் வந்தது.

பிறகு அந்த இரண்டாவது பாதி எங்கோ உதிர்ந்துவிட்டது. 1968-ல் முதல் லோக்பால் மசோதா வந்ததிலிருந்து 2013 டிசம்பரில் சட்டம் நிறைவேறும் வரை நாடே பெரும்பாலும் ஊழலைப் பற்றியே பேசியது. அந்தச் சட்டம், ஓராண்டுக்குள் ஒவ்வொரு மாநிலமும் லோக் ஆயுக்தா அமைக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு அமைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் நெருக்கிய பிறகு 2018 ஜூலையில் சட்டமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது, 2019-ல் தலைவரும் உறுப்பினர்களும் பொறுப்பேற்றார்கள். அந்தச் சட்டத்தில் புகார் என்றால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம் நடந்ததாகச் சொல்லும் புகார்தான். எங்கள் பெரியவர் அங்கே போனால் வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அனுப்புகிறவர் மேல் தவறு சொல்ல முடியாது, சட்டம் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

பக்கத்து மாநிலத்தில் அப்படி இல்லை. கர்நாடகத்தின் 1984 சட்டம், குற்றச்சாட்டு வேறு, குறை வேறு என்று பிரித்து இரண்டையும் விசாரிக்கிறது. நிர்வாகச் சீர்கேட்டால் தனக்கு அநீதியோ தகாத கஷ்டமோ நேர்ந்தது என்று ஒருவர் சொன்னால் போதும், அது குறை. மகாராஷ்டிரத்தின் 1971 சட்டமும் அப்படித்தான் பிரித்திருந்தது. நீதிபதி வெங்கடாசலா 2001 முதல் 2006 வரை கர்நாடக லோக் ஆயுக்தாவாக இருந்தபோது அரசு மருத்துவமனைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பார். ஏழைகள் அவரிடம் நேரில் முறையிட்டார்கள். வெளியூரில் நடந்த இந்தச் சேதிகளை எங்கள் அலுவலகத்திலும் படித்துவிட்டுப் பேசிக்கொண்டோம். நம் ஊருக்கும் ஒருவர் வரமாட்டாரா என்று அன்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. உள்ளாட்சி அமைப்புகளுக்கு 2014-ம் ஆண்டுச் சட்டப்படி முறைமன்ற நடுவம் இருக்கிறது. ஊழலோடு நிர்வாகச் சீர்கேட்டையும் அது விசாரிக்கலாம். ஆக, பஞ்சாயத்தில் நடந்தால் கேட்கலாம், பஞ்சாயத்துக்கு எதிரே இருக்கும் தாலுகா ஆபீசில் நடந்தால் கேட்க முடியாது. நூறு நாள் வேலைத் திட்டத்துக்கும் மாவட்டந்தோறும் குறைதீர்ப்பாளர் வேண்டும் என்று விதி வந்தது. துண்டு துண்டாக இத்தனை பேர் இருக்கிறார்கள். மக்கள் அதிகமாக நடையாய் நடக்கும் துறைகளுக்குத்தான் ஆளில்லை.

தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதற்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன். பெரியவரின் கோப்பு நகலை அதன் வழியாகத்தான் வாங்கினோம். ஆனால் தகவல் ஆணையம் காகிதத்தைத் தரச் சொல்லும், காகிதத்தில் இருக்கும் தவறைத் திருத்தச் சொல்லாது. உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பார்கள். அங்கே பெரும்பாலும் கிடைப்பது, மனுதாரரின் மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்கவும் என்ற உத்தரவு. பரிசீலித்து இரண்டு வரியில் நிராகரித்துவிட்டால் உத்தரவை நிறைவேற்றியாயிற்று. மறுபடி ரிட். ஒன்றேகால் ஏக்கர்காரர் சென்னைக்கோ மதுரைக்கோ எத்தனை முறை போவார்?

முதலமைச்சரின் பெயரால் நடக்கும் மனு முகாம்களையும் சொல்ல வேண்டும். அம்மா திட்டம் வந்தது, மக்களுடன் முதல்வர் வந்தது, உங்களுடன் ஸ்டாலின் வந்தது. 1100-க்குப் போன் செய்யலாம். இவற்றால் பலன் அடைந்தவர்கள் உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் முகாமில் மனு வாங்குவதும் அரசு, விசாரிப்பதும் அரசு, "தீர்வு காணப்பட்டது" என்று கணினியில் பதிவதும் அதே அரசு. தவறு செய்தவர், செய்யவில்லை என்று தானே சான்று எழுதிக் கொள்ளும் ஏற்பாட்டைத் தீர்வு என்று ஏற்க என்னால் முடியவில்லை.

சுதந்திரமான குறைதீர்ப்பாளருக்கு என்ன அதிகாரம் இருக்க வேண்டும்? என்னைக் கேட்டால், முதலில் கோப்பு.

கோப்பைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. மனுதாரருக்கு வரும் கடிதத்தில் எதுவும் இருக்காது. எல்லாம் குறிப்புப் பகுதியில்தான் இருக்கும். எந்த உதவியாளர் எந்தத் தேதியில் எழுதி வைத்தார், அது எந்த மேசையில் எத்தனை மாதம் இருந்தது, மேலதிகாரி "பேசவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பினாரா, எந்த அறிக்கை வந்தும் இணைக்கப்படவில்லை என்று அத்தனையும் பச்சை மையிலும் நீல மையிலும் அங்கே நிற்கும். இப்போது மின்னணுக் கோப்பு வந்துவிட்டதால் மணி நிமிடத்தோடு தெரியும். பெரியவரின் கோப்பு நகல் வந்தபோது நான் முதலில் பார்த்தது அதைத்தான். சர்வேயரின் முதல் அறிக்கை அவருக்குச் சாதகமாகவே இருந்தது. பிழை யு.டி.ஆர். சமயத்தில் நேர்ந்தது என்று தெளிவாக எழுதியிருந்தார். அதற்கு அடுத்த பக்கத்தில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. அதற்கும் அடுத்த பக்கம், பல மாதம் கழித்து, புதிய தாசில்தாருக்காக எழுதப்பட்ட புதிய குறிப்பு. அதில் அந்த முதல் அறிக்கையைப் பற்றிப் பேச்சே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க நீதிபதி வேண்டாம், போலீஸ் வேண்டாம். கோப்பை வரவழைத்துப் பக்கம் பக்கமாகப் படிக்கத் தெரிந்த, அந்தத் துறைக்குக் கட்டுப்படாத ஒருவர் போதும். "இந்தப் பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் என்ன நடந்தது?" என்று அவர் எழுத்தில் கேட்டால், எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். ஸ்வீடனில் எந்த அலுவலகத்தின் எந்த ஆவணத்தையும் குறைதீர்ப்பாளர் பார்க்கலாம், அதிகாரிகளின் ஆலோசனைக் கூட்டத்தில்கூடப் போய் உட்காரலாம். அதிகாரிகள் மேல் வழக்குத் தொடரவும் அவரால் முடியும். ஆனால் அவருடைய பலம் பெரும்பாலும் அந்த வழக்குகளில் இல்லை, அவர் எழுதி வெளியிடும் கண்டனத்தில் இருக்கிறது.

உத்தரவு போடும் அதிகாரம் வேண்டாமா என்று கேட்பவர்கள் கேரளத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 1999 சட்டத்தின் 14-வது பிரிவு, பதவியில் தொடரத் தகுதியற்றவர் என்று லோக் ஆயுக்தா அறிவித்தால் அரசு அதை ஏற்றாக வேண்டும் என்றது. 2021 ஏப்ரலில் அப்படி ஓர் அறிவிப்பு வந்து அமைச்சர் கே.டி. ஜலீல் ராஜினாமா செய்தார். மறு ஆண்டே அரசு அவசரச் சட்டம் போட்டு, பின்பு சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றி அந்தப் பிரிவின் வலுவை எடுத்துவிட்டது. 2024-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. கர்நாடகத்தில் நீதிபதி சந்தோஷ் ஹெக்டேயின் சுரங்க ஊழல் அறிக்கை 2011 ஜூலையில் வந்து, அந்த மாதக் கடைசியிலேயே முதலமைச்சர் எடியூரப்பா பதவி விலகினார். 2016-ல் வேறொரு கட்சியின் ஆட்சி, லோக் ஆயுக்தாவிடமிருந்த போலீஸ் பிரிவின் வேலையை எடுத்து ஊழல் தடுப்புப் படை என்று தன் கையில் வைத்துக்கொண்டது. 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தப் படையைக் கலைத்த பிறகுதான் பறிபோனது திரும்பி வந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: காகிதத்தில் எவ்வளவு பெரிய அதிகாரம் கொடுத்தாலும், ஆட்களும் பணமும் அரசின் கையில் இருந்தால் அந்த அதிகாரத்தை ஒரே நாளில் உருவிவிடலாம். நிர்வாகக் குறைகளைப் பொறுத்தவரை பரிந்துரைக்கும் அதிகாரமே போதும் என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பரிந்துரையை அரசு ஏற்காவிட்டால், குறிப்பிட்ட நாட்களுக்குள் ஏன் ஏற்கவில்லை என்று சட்டமன்றத்தில் காரணம் வைக்க வேண்டும். பிரிட்டனில் ஓய்வூதிய வயது மாற்றத்தைச் சரியாக அறிவிக்காததால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு இழப்பீடு தரச் சொல்லி 2024 மார்ச்சில் ஆம்புட்ஸ்மன் அறிக்கை வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அரசு மறுத்துவிட்டது. அந்தப் பெண்களுக்கு அது பெரிய ஏமாற்றம்தான். ஆனாலும் மறுத்த அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று, நிர்வாகத் தவறு நடந்ததை ஒப்புக்கொண்டு, பணம் தராததற்குக் காரணத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. நம் பெரியவருக்கு அந்தக் காரணம்கூடக் கிடைக்கவில்லை.

இன்னொன்றில் நான் பிடிவாதமாக இருப்பேன். குறைதீர்ப்பாளரிடம் மக்கள் நேராகப் போக வேண்டும். இலங்கையில் 1981-ல் நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் என்ற பதவியை உண்டாக்கியபோது, சாதாரண மக்கள் நேரடியாக முறையிட முடியாது, பாராளுமன்றத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். 1994-ல்தான் அதைத் திருத்தினார்கள். எம்.எல்.ஏ. கடிதம் வாங்கி வா என்று நம் ஊரில் ஒரு விதி வந்தால், கட்சிக்காரர் வீட்டு வாசலில் இன்னொரு வரிசை உருவாகும், வேறொன்றும் நடக்காது.

பொய்ப் புகாருக்குச் சிறை என்ற பயமுறுத்தலும் இங்கே கூடாது. லோக்பால் சட்டத்தில் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. ஊழல் புகார் ஒருவருடைய பெயரைக் கெடுக்கும், அங்கே அதற்கு ஏதோ நியாயம் சொல்லலாம். பட்டா கிடைக்கவில்லை என்று எழுதுகிற விவசாயிக்கு அந்தப் பயம் எதற்கு?

ஓய்வு பெற்ற நீதிபதிக்கோ ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கோ இன்னொரு காரும் பங்களாவும் தருவதற்குத்தானே இது என்று நண்பர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அந்தச் சலிப்புக்குக் காரணம் உண்டு. நேற்றுவரை துறைச் செயலாளராக இருந்தவரை இன்று அதே துறையின் நடுவராக உட்கார வைத்தால் மக்கள் நம்பமாட்டார்கள். தேர்வுக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவரின் சம்மதம் பெயரளவில் இல்லாமல் உண்மையிலேயே தேவைப்பட வேண்டும். பதவிக்காலம் உறுதியாக இருக்க வேண்டும், அது முடிந்தபின் அரசுப் பதவி எதுவும் கிடையாது என்றிருக்க வேண்டும். விசாரிக்கும் ஊழியர்கள் அவருடைய சொந்த ஊழியர்களாக இருக்க வேண்டும். அயற்பணியில் வந்தவர் நாளை தாய்த்துறைக்குத் திரும்ப வேண்டியவர், அவரிடம் துணிச்சலை எதிர்பார்ப்பது அவருக்கும் கஷ்டம். சென்னையில் ஒரு கட்டடத்தோடு நின்றுவிடாமல், மாவட்டத் தலைநகரங்களுக்கு முறை வைத்து வந்து உட்கார வேண்டும். வாய்மொழியாகச் சொல்வதையும் எழுதி வாங்க வேண்டும்.

யாரும் மனு கொடுக்காமலே விசாரிக்கும் அதிகாரமும் தேவை. ஒரு பெரியவரின் பட்டா திருந்துவது நல்லதுதான். ஆனால் அதே கிராமத்து நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அதே மாதிரி இன்னும் எத்தனை பிழை இருக்கிறது என்று தானாகக் கேட்டு, தகராறே இல்லாத திருத்தங்களைக் கிராமத்திலேயே முகாம் போட்டு முடிக்கச் சொல்லிப் பரிந்துரைத்தால், ஆயிரம் பேர் மஞ்சள் பையோடு அலைய வேண்டியிருக்காது. ஊழியர்களுக்கும் அது நல்லதே. ஆள் பற்றாக்குறையால் மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கும் அலுவலகங்கள் எத்தனையோ உண்டு. தாமதத்துக்குக் காரணம் மனிதரா, காலியிடமா என்று நடுநிலையாகச் சொல்ல ஒருவர் இருந்தால், பழி எப்போதும் கவுன்டரில் இருப்பவர் தலையில் விழாது.

2018-ம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தலாம். புகார் என்ற விளக்கத்தோடு நிர்வாகச் சீர்கேட்டால் நேர்ந்த குறை என்பதையும் சேர்த்து, அதை விசாரிக்க உப லோக் ஆயுக்தா ஒருவரை நியமிக்கலாம். ஊழல் வேலையும் குறை வேலையும் ஒரே தலையில் விழ வேண்டாம் என்றால் தனிச் சட்டமாகவே கொண்டுவரலாம், எனக்கு அதுதான் பிடித்தம். கர்நாடகத்தில் 1984 சட்டப்படி நடக்கிற காரியம் இது, புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. சட்டமன்றத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்களானாலும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் தொகுதி அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் எத்தனை லஞ்சத்தைப் பற்றியவை, எத்தனை வெறும் தாமதத்தைப் பற்றியவை என்று ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கோடு அடுத்த கூட்டத்தொடருக்குப் போய், மசோதாவைக் கேளுங்கள்.